வாடிவாசல் திறக்கும் முன் நாற்பது நாள்... ஜல்லிக்கட்டை உண்மையில் நடத்துவது யார்?

ஜனவரி பிறந்தால் போதும், நம்ம ஃபோன் முழுக்கக் காளைதான். வாடிவாசல் திறக்கும், திமில் குலுங்கும், ஒருத்தர் பாய்வார், ஸ்லோமோஷன், பின்னணியில் பறை. முப்பது விநாடி ரீல். ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், ஒரு நீல கலர் ஃபைல் என் கைக்கு வரும்வரை.

போன டிசம்பரில் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன கிராமம். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா, விழாக் கமிட்டியில் பல வருஷமாக இருப்பவர், ஒரு ஃபைலைத் தூக்கி மடியில் வைத்தார். "நீதான் பத்திரிகையில எழுதுறியே ஆத்தா... இந்த மனுவைக் கொஞ்சம் ஒழுங்கா எழுதிக் கொடேன்."

ஃபைலைத் திறந்தால், கலெக்டருக்கு மனு, களத்தின் வரைபடம், உறுதிமொழிப் பத்திரம், இன்ஷூரன்ஸுக்காக வாங்கிய விலைப்புள்ளி, போன முறை வரவு செலவு எழுதிய நோட்டு, கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியல். வேலை பார்க்கக்கூடிய ஊர்ப் பசங்களின் பெயரும் ஃபோன் நம்பரும். 34 பெயர்கள் இருந்தன. அதில் பாதிக்கு மேல் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே குறிப்பு: 'திருப்பூர்', 'சிங்கப்பூர்', 'லீவு இல்லை', 'பேசணும்'.

அந்தப் பென்சில் கோடுகள்தான் இந்தக் கட்டுரை.

ஜெயித்தோம்... அப்புறம்?

கதையின் முதல் பாதி நமக்குத் தெரியும். 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2015, 2016 பொங்கல்களில் வாடிவாசல்கள் மூடிக்கிடந்தன. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் தொடங்கி மெரினா வரை இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். அவசரச் சட்டம் வந்தது, சில நாளில் சட்டமன்றத்தில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. அந்த பிப்ரவரியிலேயே அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் களங்கள் மறுபடி திறந்தன. 2023 மே 18-ம் தேதி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2017-ல் மெரினாவில் இருந்த காலேஜ் பசங்களில் நானும் ஒருத்தி. செல்ஃபோன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. 'நடத்த விடுங்க' என்பதுதான் அன்றைக்கு நம் கோரிக்கை. விட்டார்கள். ஆனால், 'யார் நடத்துவார்கள்' என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை. ஊர் நடத்தும், வேறு யார்?

அந்த 'ஊர்' என்பது எத்தனை பேர் என்பதுதான் இன்றைக்குக் கேள்வி.

ரீலில் வராத வேலைகள்

திரும்பி வந்த ஜல்லிக்கட்டு, பழைய ஜல்லிக்கட்டு அல்ல. தாத்தா காலத்தில் தெருவில் அவிழ்த்துவிட்டால் மாடு ஓடும். இப்போது அதற்கென்று 2017-ல் வந்த தனி விதிமுறைகள் இருக்கின்றன. ஜனவரியிலிருந்து மே வரைதான் நடத்தலாம். கமிட்டி முதலில் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். வருவாய்த்துறை, போலீஸ், கால்நடைப் பராமரிப்புத் துறை, பொதுப்பணித் துறை, தீயணைப்புத் துறை என்று ஒவ்வொருவரும் களத்தைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். அரசிதழில் ஊர் பெயர் வர வேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் தேதி.

களத்துக்கும் கணக்கு உண்டு. வாடிவாசலிலிருந்து 15 மீட்டருக்குள்தான் வீரர் மாட்டைப் பிடிக்கலாம். வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, திமில் மட்டும்தான். விழுந்தால் அடிபடாமல் இருக்க, தரையில் தென்னை நார்க்கழிவு கொட்டிப் பரப்ப வேண்டும். பார்வையாளர் பக்கம் இரட்டைத் தடுப்பு. கேலரி தாங்குமா என்று இன்ஜினீயர் பார்க்க வேண்டும். சி.சி.டி.வி, ஆம்புலன்ஸ், டாக்டர்கள், கால்நடை டாக்டர்கள். காத்திருக்கும் காளைகளுக்கு நிழல், தண்ணீர், தீவனம். மாடு ஓடி முடிந்து சேரும் இடத்தில் உரிமையாளர் பாதுகாப்பாகப் பிடித்துக் கட்ட வசதி.

படிக்க ஒரு பத்திதான். செய்ய எத்தனை கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சவுக்குக் கட்டை வாடகைக்குப் பேச ஒருவர். நார் லோடு எப்போது வரும் என்று ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் போட ஒருவர். தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் பைக்கில் அலைய ஒருவர். டோக்கன் எழுத நால்வர். அதிகாலையில் இருட்டோடு வரிசையில் நிற்கும் மாட்டுக்காரர்களைச் சமாளிக்கப் பத்துப் பேர். அவர்களுக்கு டீ கொடுக்க இருவர். முடிந்தபிறகு, எல்லோரும் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபிறகு, கட்டையைப் பிரித்து, நாரை அள்ளி, குப்பையைப் பொறுக்க... இதற்குத்தான் எப்போதும் ஆள் கம்மி.

யாருக்கும் சம்பளம் கிடையாது. பெரிய களங்களில் சிறந்த மாடுபிடி வீரருக்குக் கார், சிறந்த காளைக்கு டிராக்டர் என்று பரிசு ஏறிக்கொண்டே போகிறது. சின்ன ஊர்களில் சைக்கிள், கட்டில், அண்டா, வெள்ளிக்காசு. எந்த ஊரிலும் நார் அள்ளியவருக்குப் பரிசு இல்லை. அதிகபட்சம் ஒரு டி-ஷர்ட், முதுகில் 'விழாக் குழு' என்று அச்சடித்தது.

குரூப்பில் 212 பேர், களத்தில் 11 பேர்

எங்கள் அம்மா ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் 212 பேர். ஜல்லிக்கட்டு பற்றி ஒரு மெசேஜ் விழுந்தால் அரைமணி நேரத்தில் நூறு ஃபயர் எமோஜி. வரி கேட்டால் ஜிபேயில் வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இருப்பவர்களைவிட அதிகமாகவே அனுப்புகிறார்கள். காசு ஒரு பிரச்னையே இல்லை என்று மாமா சொன்னபோது நான் நம்பவில்லை. நோட்டைப் பார்த்தபிறகு நம்பினேன்.

ஆனால், டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கூடிய கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தது 11 பேர். அதில் எட்டுப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. திருப்பூர் கம்பெனியில் வேலை செய்பவருக்குப் பொங்கலுக்கு மூன்று நாள் லீவு கிடைத்தால் பெரிய விஷயம். சென்னையில் ஐ.டி-யில் இருப்பவருக்கு அந்த மாதம்தான் ரிலீஸ் வரும். சிங்கப்பூரில் இருப்பவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார். இவர்கள் யாருக்கும் ஊர் மேல் பாசம் இல்லை என்று சொல்லவே முடியாது. பாசத்தைக் காட்ட இவர்களிடம் இருப்பது காசும் மூன்று நாளும். விழாவுக்குத் தேவைப்படுவது நாற்பது நாள்.

பழைய ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. ஊரில் அறுவடை முடியும் நேரம், ஆட்கள் ஊரிலேயே இருப்பார்கள். தை மாத விழா அந்த ஓய்வில் பிறந்தது. விவசாயக் காலண்டரை நம்பி உருவான விழாவை, இன்று கம்பெனி லீவு காலண்டரில் வாழ்பவர்கள் நடத்த வேண்டியிருக்கிறது. வேலைப்பளு கூடியிருக்கிறது, கைகள் ஊரைவிட்டுப் போய்விட்டன. ஜல்லிக்கட்டின் இன்றைய நெருக்கடி இதுதான். கோர்ட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை என்பதால் இது செய்தியாவதில்லை.

அப்போ ரூல்ஸ்தான் வில்லனா?

இல்லை பாஸ். இங்கேதான் நாம் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும்.

'இவ்ளோ கண்டிஷன் போட்டா எவன் நடத்துவான்?' என்று டீக்கடையில் கேட்பது சுலபம். ஆனால், அந்தக் கண்டிஷன் ஒவ்வொன்றுக்குப் பின்னாடியும் யாரோ ஒருவரின் உயிர் இருக்கிறது. 2019 ஜனவரியில் விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு உலக சாதனை என்று கொண்டாடினோம். அதே நாளில், அதே களத்தில் வேடிக்கை பார்க்க வந்த இருவர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் சிவகங்கை மாவட்டம் சிராவயல் மஞ்சுவிரட்டில் இருவர் இறந்தார்கள், ஒருவர் சிறுவன். அவர்களும் மாடு பிடிக்கப் போனவர்கள் இல்லை.

மாடு பிடிப்பவருக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியும். தடுப்புக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. மாடு சேரும் இடத்தில், தன் மாட்டைத் தேடி ஓடும் உரிமையாளருக்கு முதுகுப் பக்கம் இன்னொரு காளை வருவது தெரியாது. வாடிவாசலில்தான் கேமரா இருக்கிறது, அங்கேதான் டாக்டரும் போலீஸும் நிற்கிறார்கள். அந்தக் கடைசி முனையில் நிற்பது பெரும்பாலும் கமிட்டியின் இரண்டு பசங்கள், கையில் ஒரு விசில்.

அதனால்தான் ஆள் பற்றாக்குறை என்பது வெறும் 'வேலை நிறைய இருக்கு' என்ற புலம்பல் அல்ல. தன்னார்வலர் குறைந்தால் முதலில் குறைவது வாடிவாசலின் அலங்காரம் இல்லை. யாரும் பார்க்காத அந்தக் கடைசி முனையில் நிற்க வேண்டிய ஆள்தான் குறைகிறார்.

வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு என்று பெயர் வாங்கிய தச்சங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் ஜனவரி 6-ம் தேதி நடக்க வேண்டிய விழா, ஏற்பாடுகளில் குறை என்று தள்ளிப்போய் 8-ம் தேதி நடந்தது. அன்றைக்குப் பலரும் அதிகாரிகளைத் திட்டினார்கள். எனக்கு இப்போது தோன்றுவது, அந்த இரண்டு நாளில் ராத்திரி பகலாகக் கட்டை கட்டியவர்கள் யாராக இருக்கும் என்பதுதான்.

ஆள் இல்லாத ஊரில் என்ன ஆகும்?

இரண்டு வழிதான் இருக்கிறது. இரண்டுமே ஏற்கெனவே நம் கண்முன் நடக்கின்றன.

ஒன்று, அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அவனியாபுரத்தில் விழாவை யார் நடத்துவது, கமிட்டியில் யாருக்கெல்லாம் இடம் என்று தரப்புகளுக்குள் ஒத்துப்போகாமல், விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2020-ல் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டு நடத்தினார்கள். அதன்பிறகும் நிர்வாகமே முன்னால் நின்று நடத்தும் நிலைதான் திரும்பத் திரும்ப வந்தது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் அரசே கட்டிய பிரமாண்ட அரங்கம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாதுகாப்பு, ஒழுங்கு எல்லாம் சரிதான். ஆனால், அரங்கத்துக்குப் போகும்போது நாம் பார்வையாளர். ஊர் விழாவுக்குப் போகும்போது நாம் வீட்டுக்காரர். அந்த வித்தியாசம் போய்விட்டால், 2017-ல் 'எங்கள் பண்பாடு' என்று சொன்னதில் 'எங்கள்' எங்கே இருக்கிறது?

இரண்டாவது வழி இன்னும் மோசம். மனுவும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம், காட்டுப்பக்கம் ஒரு வயலில் மாட்டை அவிழ்த்துவிடலாம். அனுமதியில்லாமல் மஞ்சுவிரட்டு நடத்தி வழக்குப் பதிவான செய்தி ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அங்கே ஒருவருக்குக் குத்துப்பட்டால், முதலுதவிக்குக்கூட ஆள் இருக்க மாட்டார். எல்லோரும் ஓடிவிடுவார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் ஆள் இல்லை என்பது பாதி உண்மைதான். ஆள் இருக்கிறார்கள், கூப்பிடுவதில்லை. கமிட்டி என்பது சில குடும்பங்களின் உரிமை, முதல் மரியாதை யாருக்கு என்ற கணக்கு, எந்தத் தெருக்காரர் களத்தில் நிற்கலாம், எந்தத் தெருக்காரர் கட்டை மட்டும் சுமக்கலாம் என்ற எழுதாத சட்டம். சாதிப் பெயர் சொல்லி மாட்டை அவிழ்க்கக் கூடாது என்று மைக்குக்கு நிபந்தனை போட்டாகிவிட்டது. கமிட்டிக் கூட்டம் நடக்கும் திண்ணைக்கு எந்த அதிகாரியும் நிபந்தனை போட முடியாது.

மாமாவின் பட்டியலில் இருந்த 34 பெயரையும் திரும்பப் படித்தேன். ஒரு பெண் பெயர்கூட இல்லை. மனுவை எழுதியதே நான்தான் என்று சொன்னேன். மாமா சிரித்தார். ஆனால், பென்சிலை எடுக்கவில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நடக்கக்கூடிய சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், வேலையை உடைக்கணும். நாற்பது நாள் வேலையை ஒருவரால் செய்ய முடியாது. ஆனால், அதில் பாதி வேலைக்கு ஊரில் இருக்கவே தேவையில்லை. மனு டைப் பண்ணுவது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் விலை விசாரிப்பது, கணக்கை ஷீட்டில் போடுவது, டி-ஷர்ட் ஆர்டர் கொடுப்பது, டோக்கன் பட்டியல் தயாரிப்பது எல்லாவற்றையும் சிங்கப்பூரிலிருந்தும் செய்யலாம். குரூப்பில் இருக்கும் 212 பேரில் இருபது பேர் ஆளுக்கொரு வேலையை எடுத்தாலே, ஊரில் இருக்கும் 11 பேர் களத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கணக்கு வெளிப்படையாக இருக்கணும். வரவு செலவை விழா முடிந்த வாரமே குரூப்பில் போட்டுவிட்டால், 'கமிட்டிக்காரன் சாப்பிட்டுட்டான்' என்ற பேச்சு பாதி குறையும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே ஒதுங்கும் பசங்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, கமிட்டிக் கதவு எல்லாத் தெருவுக்கும் திறக்கணும். இது சமூகநீதி, சரி. அதே நேரத்தில் சுத்தமான நடைமுறைத் தேவையும்கூட. பாதி ஊரை வெளியே நிற்க வைத்துவிட்டு ஆள் பத்தவில்லை என்று சொல்ல முடியாது.

நான்காவது, அரசாங்கம் செய்ய வேண்டியது. விதிகளைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதே ஊர், அதே களம், அதே வரைபடம். பூர்வாங்க அனுமதியை முன்கூட்டியே, அக்டோபரிலேயே ஒரே இடத்தில் வாங்க வழி செய்தால், கடைசி வார ஓட்டத்தில் அவசரமாகக் கட்டப்படும் தடுப்புகள் குறையும். சின்ன ஊர்கள் நாலைந்து சேர்ந்து தடுப்புக் கட்டைகளையும் கேலரியையும் பொதுவாக வைத்துக்கொள்ள உதவினால் செலவும் குறையும், தரமும் இருக்கும்.

ஐந்தாவது, இதைச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு வருஷம் ஆள் போதவில்லை என்றால், அந்த வருஷம் நடத்தாமல் விடலாம். மூன்று வருஷத் தடையைத் தாண்டி வந்த விழா அது. நாமாக எடுக்கும் ஒரு வருஷ ஓய்வில் அழிந்துபோகாது. ஆனால், ஆள் இல்லாமல் நடத்தி ஒரு சிறுவன் செத்தால், அந்த ஊரில் அதற்கப்புறம் யாருக்கும் வாடிவாசலைத் திறக்க மனசு வராது.

மாமா எடுத்த முடிவு

நான் எழுதிய மனு கலெக்டர் ஆபீஸுக்குப் போகவே இல்லை.

ஜனவரி முதல் வாரம் மறுபடி கமிட்டி கூடியது. மாடு சேரும் இடத்தில் நிற்க குறைந்தது பதினைந்து பேர் வேண்டும், உறுதியாக வருவதாகச் சொன்னது ஆறு பேர். ஒரு மணி நேரம் சத்தம் போட்டார்கள். 'பக்கத்து ஊர்ல நடக்குது, நமக்கு அசிங்கம்' என்றார்கள். கடைசியில் மாமாதான் சொன்னார், இந்த வருஷம் கோயில் காளைக்கு மாலை போட்டு, பொங்கல் வைத்து, ஊரைச் சுற்றி அழைத்து வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று.

குரூப் வெடித்தது. 'மெரினாவுல உக்காந்தது இதுக்குத்தானா?' என்று ஒருவர் வாய்ஸ் நோட் போட்டார். துபாயிலிருந்து ஒருவர், வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். மாமா யாருக்கும் பதில் போடவில்லை. அவருக்கு வாய்ஸ் நோட் அனுப்பத் தெரியாது.

மாட்டுப்பொங்கல் அன்று கோயில் காளை ஊரைச் சுற்றி வந்தது. பின்னாடியே குழந்தைகள் ஓடினார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ரீல் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனால், ஒரு விஷயம் நடந்தது. லீவுக்கு வந்திருந்த பசங்கள் ஏழு பேர் ராத்திரி மாமா வீட்டுத் திண்ணைக்கு வந்து, அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். மாமா உள்ளே போய் அந்த நீல ஃபைலை எடுத்துவந்து கொடுத்தார். "முதல்ல இதைப் படிங்க" என்றார்.

இப்போது அந்தப் பட்டியல் ஒரு ஆன்லைன் ஷீட்டாக மாறியிருக்கிறது. வேலை, பொறுப்பு, கடைசித் தேதி என்று மூன்று பத்தி. நேற்று பார்த்தபோது 19 பெயர்கள் இருந்தன. நான்கு பேர் இதுவரை கமிட்டிப் பக்கமே வராத தெருவைச் சேர்ந்தவர்கள். 'மனு, கடிதப் போக்குவரத்து' என்ற வரிசையில் என் பெயர்.

'மாடு சேரும் இடம்' என்ற வரிசையில் இன்னும் ஒன்பது பேர் தேவை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வரிசை காலியாக இருக்கும். அக்டோபரிலேயே ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள்.